சுண்ணாம்புக் கோடு

என் தாய்மாமனைத் திருடன் என்று ஊர் முடிவு செய்தபோது சாட்சி சொன்னவன் நான். அப்போது எனக்குப் பதினொன்றோ பன்னிரண்டோ வயது. நன்றாகச் சொன்னேன் என்று ஊர்க்கவுண்டர் என் தலையைத் தடவிக் கொடுத்தார். தலையில் இப்போது முடியில்லை. அந்தத் தடவல் மட்டும் அங்கேயே இருக்கிறது.

எழுபதுகளின் கடைசி. ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரில் பேருந்தை விட்டு இறங்கி அரை நாள் நடந்தால் எங்கள் ஊர் வரும். மின்சாரம் வரவில்லை. சாமையும் கேழ்வரகும் விளைந்தன. காட்டோரம் நின்ற புளியமரங்களில் சில தனியாருடையவை, மற்றவை ஊருக்குப் பொது. பொதுமரத்துப் புளியை எல்லோரும் சேர்ந்து உலுக்கி, எல்லோரும் சேர்ந்து விற்று, வருகிற பணத்தில் ஊருக்கு என்று ஏதாவது வாங்குவோம். ஒரு வருடம் பெரிய வெண்கல அண்டா வாங்கினார்கள். இன்னொரு வருடம் கோயிலுக்கு மணி. நான் சொல்லும் வருடத்துக்கு முந்தைய அறுவடையில் ஒரு மைக் செட் வாங்கினார்கள்.

அதற்கு முன்னால் வைகாசித் திருவிழாவுக்குப் படவேட்டிலிருந்து மைக் செட் வாடகைக்கு வரும். சாமான்களை மலையேற்றித் தலைச்சுமையாகக் கொண்டுவருவது எங்கள் ஆட்கள். கூடவே கையை வீசிக்கொண்டு வரும் மைக் செட்டுக்காரர்கள் எங்கள் வீட்டில் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க யோசிப்பார்கள். ஒருமுறை அவர்களில் ஒருவன், "மலையாளுங்களுக்கு மைக்கு எதுக்கு? நீங்க சும்மா கூவுனாலே கீழ வரைக்கும் கேக்குமே" என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், என் மாமாவைத் தவிர. ஊர்ப் புளியில் மைக் செட் வாங்கலாம் என்று கூட்டத்தில் எழுந்து பேசியது அவர்தான். போளூர் போய்ப் பார்த்து வாங்கி வந்ததும் அவர்தான். ஆகவே அதைக் காப்பாற்றும் பொறுப்பையும் ஊர் அவரிடமே கொடுத்தது.

அவர் என் அம்மாவின் ஒரே தம்பி. அப்பன் ஆத்தா போன பிறகு எங்கள் வீட்டிலேயே வளர்ந்தவர். வாயில் எப்போதும் வெற்றிலை. இடுப்பில் சுருக்குப்பை, அதற்குள் ஒரு தகர சுண்ணாம்பு டப்பி. மைக்கைக் கையில் பிடித்ததும் வெற்றிலையைத் துப்பிவிட்டு, வாயைக் கொப்பளித்து, தொண்டையைச் சரி செய்துகொண்டுதான் பேசுவார். பள்ளத்தாக்குக்கு அப்பால், எதிர்மலை ஊரில் அவருக்குப் பெண் பேசி முடித்திருந்தார்கள். அவர் மைக்கில் எதை அறிவித்தாலும், காணாமல் போன மாட்டைப் பற்றியே அறிவித்தாலும், ஒலிபெருக்கிக் கூம்பு எதிர்மலையைப் பார்த்துத்தான் இருக்கும். அதைச் சொல்லி ஊரே அவரைக் கேலி செய்யும். "மாடு இந்தப் பக்கந்தானே காணாம போச்சு, அந்தப் பக்கம் இன்னாத்துக்குக் கூவுற?" என்று கேட்பார்கள். அவர் வெட்கப்பட்டுச் சிரிப்பார். பல் சிவப்பாக இருக்கும்.

நான் ஜமுனாமரத்தூரில் உண்டு உறைவிடப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரிலிருந்து அங்கே போன முதல் பையன். அந்தப் பள்ளியில் ஒரு மர பீரோவும், அதற்குள் ஒரு சட்டக் காந்த ஜோடியும் இருந்தன. அறிவியல் ஆசிரியர் வருடத்துக்கு ஒருமுறை அதை எடுத்து, ஊசி ஒட்டுவதையும் இரும்புத்தூள் கோலம் போடுவதையும் காட்டிவிட்டு, மறுபடி பெட்டியில் வைப்பார். வைக்கும்போது இரண்டு காந்தங்களின் நுனிகளிலும் ஒவ்வொரு சிறிய இரும்புத் துண்டைக் குறுக்கே ஒட்டி வைப்பார். அந்தத் துண்டு இல்லாவிட்டால் காந்தம் நாளடைவில் வலுவிழக்கும் என்று சொல்லிக்கொடுத்தார். பரீட்சையில் அதைக் கேள்வியாகவும் கேட்டார். நான் சரியாக எழுதி மதிப்பெண் வாங்கினேன். வாங்கிய பிறகு அதைப் பற்றி யோசிக்கவில்லை.

எனக்கு யோசனை வேறாக இருந்தது. எங்கள் ஊர் ஓடை மணலில், வெள்ளம் வடிந்த பிறகு கருப்பாக ஒரு கோடு ஒதுங்கும். அது இரும்பு என்று நான் வகுப்பில் சொன்னேன். கீழ்நாட்டிலிருந்து வந்து படித்த கலசப்பாக்கத்துப் பையன் ஒருவன் அடுப்புக்கரி என்றான். எங்கள் ஊரில் அடுப்புக்கரியைத் தவிர வேறொன்றும் கிடையாது என்றும் சொன்னான். ஒரு காந்தம் மட்டும் கையில் கிடைத்தால் ஓடையில் இழுத்து, ஒட்டி வரும் கருமணலைப் பொட்டலம் கட்டிக்கொண்டு போய் அவன் முன்னால் வைக்கலாம். ஆசிரியர் பீரோவைத் திறந்து தரமாட்டார். காந்தம் வேறு எங்கே இருக்கும் என்று விசாரித்ததில், கூம்பு ஒலிபெருக்கியின் பின்புறம் மாட்டியிருக்கும் உருண்டையான யூனிட்டுக்குள் பெரிய காந்தம் இருக்கிறது என்று தெரிந்தது. அதைச் சொன்னவனும் அந்தக் கலசப்பாக்கத்துப் பையன்தான்.

கோடை விடுமுறைக்கு ஊருக்கு வந்தேன். திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. மாமா பேட்டரியைச் சாக்கில் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு, சார்ஜ் ஏற்றிவரப் போளூருக்குப் புறப்பட்டார். போனால் திரும்பச் சில நாள் ஆகும். கல்யாணத்துக்குச் சீலை எடுக்கும் வேலையும் அவருக்கு இருந்தது. அவசரத்தில் சுருக்குப்பையை மாடத்திலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

பரணில் கோணி சுற்றி வைத்திருந்த யூனிட்டை இறக்கினேன். ஜமுனாமரத்தூரில் பேருந்து பழுதான ஒரு நாள், மெக்கானிக் ஒருவர் எதையும் கழற்றுமுன் இரண்டு பாகமும் சேரும் இடத்தில் சாக்பீஸால் குறுக்கே கோடு போட்டதைப் பார்த்திருந்தேன். திரும்ப மாட்டும்போது கோடு கோட்டோடு சேர்ந்தால் எல்லாம் சரி. என்னிடம் சாக்பீஸ் இல்லை. மாமாவின் டப்பியிலிருந்து சுண்ணாம்பை எடுத்து ஈர்க்குச்சியால் ஒவ்வொரு இணைப்பிலும் மெல்லிய கோடு இழுத்தேன். அவரிடம் இருந்த திருப்புளியாலேயே திருகாணிகளைக் கழற்றினேன். முதலில் மூடி வந்தது. அதற்கடியில் மெல்லிய சவ்வும், அதில் சுற்றிய முடி போன்ற கம்பியும். அதைப் பூப்போல எடுத்துத் துணியில் வைத்தேன். கடைசியில் கனமான ஒரு இரும்புத் தகடு. அது வரமாட்டேன் என்றது. நெம்பிக் கொஞ்சம் தூக்கினால் திரும்பப் போய் அறைந்து ஒட்டிக்கொண்டது. என் விரல் நடுவில் மாட்டி நகம் கறுத்தது. அழுகையை அடக்கிக்கொண்டு அரிவாள் முனையைக் கொடுத்துப் பெயர்த்து எடுத்தேன். உள்ளே, எலுமிச்சம்பழ அளவில், சாம்பல் நிறத்தில் ஒரு உலோகக் கட்டை. பார்வைக்கு ஒன்றுமில்லை. கிட்டே கொண்டுபோன அரிவாள் கையை மீறிப் போய் ஒட்டியது.

அந்தச் சில நாட்கள்போல் நான் பிறகு சந்தோஷமாக இருந்ததில்லை என்று சொன்னால் வெட்கமாக இருக்கிறது. ஆனால் உண்மை அதுதான். காந்தத்தை நாரில் கட்டி ஓடை மணலில் இழுத்தேன். கரடிக்குட்டி மாதிரி முடி முளைத்துக்கொண்டு வந்தது. கருமணல்தான், இரும்புதான். வழித்து வழித்து எடுத்துத் தேக்கிலையில் பொட்டலம் கட்டினேன். காந்தத்தில் ஒட்டிய கடைசித் தூள் கையால் துடைத்தால் போகவில்லை. கேழ்வரகுக் களியை உருட்டி ஒற்றி ஒற்றி எடுத்தேன். களி கறுத்தது, காந்தம் சுத்தமானது. என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

மாமா வருவதற்கு முன்னால் எல்லாவற்றையும் திரும்ப மாட்டினேன். காந்தம் இருந்த இடத்தில் காந்தம், தகடு, சவ்வு, மூடி. சுண்ணாம்புக் கோடுகள் ஒன்றோடொன்று முடி அளவும் பிசகாமல் சேர்ந்தன. கழற்றும்போது அத்தனை முரண்டு பிடித்த தகடு, மாட்டும்போது சாதுவாகப் போய் உட்கார்ந்தது. விரலைக் கடிக்கவில்லை. கை பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். பிறகு ஈரத்துணியால் கோடுகளைத் துடைத்தேன். இடுக்கில் இருந்தது போகவில்லை என்பதைக் கவனிக்கவில்லை.

மாமா வந்தார். வந்ததும் மாடத்தில் கைவிட்டுச் சுருக்குப்பையை எடுத்து டப்பியைத் திறந்து பார்த்தார்.

"இன்னா மருமவனே, டப்பி காலியா கீது. வெத்தல போட ஆரமிச்சிட்டியா?"

நான் இல்லை என்று தலையாட்டினேன். அவர் என் வாயைப் பார்த்தார், பிறகு கறுத்துப்போன என் நகத்தைப் பார்த்தார். கதவில் நசுக்கிக்கொண்டேன் என்றேன். எங்கள் வீட்டுக்கு இருந்தது மூங்கில் படல்தான், கதவு இல்லை. அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

எங்கள் திருவிழாவில் பொங்கல் வைப்பதற்கு ஒரு முறை உண்டு. சுற்றியுள்ள மலையூர்க்காரர்கள் அவரவர் எல்லையில் பானையோடு காத்திருப்பார்கள். கோயிலிலிருந்து அழைப்பு போனதும் எல்லோரும் ஒரே நேரத்தில் புறப்பட்டு வந்து சேர்ந்து, எல்லாப் பானையும் ஒன்றாக அடுப்பேற வேண்டும். ஒரு ஊரை விட்டுவிட்டுப் பொங்கினால் அந்த ஊரை அம்மனிடமிருந்து தள்ளிவைத்த மாதிரி. காலம்காலமாகக் கொம்பு ஊதித்தான் அழைப்பார்கள். அந்த வருடம் நமக்கே மைக் இருக்கிறது, கொம்பு எதற்கு என்று முடிவு செய்துவிட்டார்கள். கொம்பு ஊதுகிறவர் கோபித்துக்கொண்டு, கொம்பையும் எடுத்துக்கொண்டு, கீழே மகளைக் கட்டிக்கொடுத்த ஊருக்குப் போய்விட்டார்.

கூம்பை இலுப்பை மரத்தில் உயரக் கட்டி எதிர்மலையைப் பார்த்துத் திருப்பியிருந்தார் மாமா. புது வேட்டி. வெற்றிலையைத் துப்பி, வாய் கொப்பளித்து, மைக்கைப் பிடித்து அழைப்பைச் சொன்னார். குரல் வந்தது. ஆனால் பானைக்குள் தலையை விட்டுப் பேசுகிறவன் குரல்போல வந்தது. மரத்தடியில் நின்ற எங்களுக்குக் கேட்டது. கோயிலுக்குப் பின்னால் நின்றவர்களுக்கே சரியாகக் கேட்கவில்லை. அவர் சத்தம் கூட்டும் குமிழை முழுக்கத் திருகினார். மைக் செட் பெட்டி சூடாகித் தீய்ந்த வாசனை வந்தது. ஒயரைப் பிடுங்கி மறுபடி சொருகினார், பேட்டரி முனைகளைச் சுரண்டினார், மரத்தில் ஏறிக் கூம்பைத் தட்டினார். அதே முனகல். பக்கத்து ஊர்க்காரர்கள் மேளச் சத்தத்தை வைத்துத் தாங்களாகவே புறப்பட்டு வந்து சேர்ந்தார்கள். எதிர்மலையில் மட்டும் அசைவு இல்லை.

பூசாரிக்கு அருள் வந்துவிட்டது. இனி நிறுத்த முடியாது. மாமா மைக்கைப் போட்டுவிட்டுப் பாறைமேல் ஏறி, இரண்டு கையையும் வாயருகே குவித்து வெறும் தொண்டையால் கூவினார். படவேட்டுக்காரன் சொன்னதுபோலவே கூவினார். மேளச் சத்தத்தில் அது பாறையை விட்டு இறங்கவில்லை. அவர் கூவிக்கொண்டிருக்கும்போதே பானைகள் பொங்கின, ஆடு வெட்டப்பட்டது.

எதிர்மலைக்காரர்கள் வெயில் சாய்ந்த பிறகு, பொங்காத பானைகளோடு வந்தார்கள். முன்னால் வந்தவர் மாமாவுக்குப் பெண் கொடுக்க இருந்தவர். கோயில் வாசலில் பானையை இறக்கிவைத்துவிட்டு, "எங்கள வேணாம்னு முடிவு பண்ணிட்டா நேரா சொல்லிர்றது" என்று மட்டும் சொன்னார். அவருக்குப் பின்னால் அந்தப் பெண் நின்றாள். மாமாவை அவள் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

ஊர்ப் பணத்தில் வாங்கிய பொருள், புதிது, போன அறுவடைக்குப் பிறகு பள்ளத்தாக்கே அதிரப் பேசியது, எப்படி ஊமையானது என்ற கேள்வி எழுந்தது. ஊர்க்கவுண்டர் யூனிட்டை இரண்டு பேரிடம் கொடுத்துப் போளூருக்கு அனுப்பினார். ரேடியோ கடைக்காரர் பிரித்துப் பார்த்திருக்கிறார். திருகாணித் தலைகளில் கீறல், இணைப்பில் சுண்ணாம்பு, திருப்புளியை வைத்தால் ஏனோதானோவென்று பிடிக்கும் காந்தம். அவர் கெட்டவர் இல்லை, கண்ணில் பட்டதைச் சொன்னார். கம்பெனியிலிருந்து வரும் காந்தம் இப்படிச் சோர்ந்திருக்காது, அது தானாகச் சாகாது, யாரோ நல்லதை எடுத்துக்கொண்டு செத்ததை வைத்திருக்கிறார்கள் என்று சொல்லியனுப்பினார்.

இந்த இடத்தில் நான் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பயந்துபோய் மாமாவின்மேல் பழியைப் போட்டேன் என்று நீங்கள் நினைக்கலாம். அது பாதிதான். மறுபாதி அதைவிட மோசமானது. நான் நம்பினேன். நான் எடுத்த காந்தத்தை நானே திரும்ப வைத்தேன், கோடு கோட்டோடு சேர்ந்தது. நான் வைத்தது நல்ல காந்தம். இப்போது இருப்பது செத்த காந்தம் என்றால், நடுவில் ஒருவர் மாற்றியிருக்கிறார். அது நானில்லை. என்னைத் தவிரப் பரணில் ஏறுகிறவர் ஒருவர்தான். கல்யாணச் சீலைக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்றுகூட யோசித்தேன். ஒரே வீட்டில் என்னைத் தோளில் தூக்கி வளர்த்தவரைப் பற்றி, என் பள்ளிப் படிப்பு எனக்குச் சொன்ன தீர்ப்பு அது.

கோயில் முன்னால் கூட்டம் கூடியது. மாமா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்.

"நான் தொடலிங்க" என்றார்.

"இடுக்குல சுண்ணாம்பு கீதே. இந்த ஊர்ல கைல சுண்ணாம்போட திரியறவன் வேற யாரு?" என்றார் ஊர்க்கவுண்டர்.

சுண்ணாம்பு என்ற சொல்லைக் கேட்டதும் மாமா மெதுவாகத் திரும்பிக் கூட்டத்தில் என்னைத் தேடினார். அவர் கண் முதலில் என் முகத்துக்கும், பிறகு என் கைக்கும் வந்தது. நகம் இன்னும் கறுப்பாகத்தான் இருந்தது. நான் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன்.

"பையன் வூட்லதான் இருந்தான். அவன ஒரு வார்த்த கேளுங்க" என்றார்.

தனக்காகப் பொய் சொல்ல என்னை இழுக்கிறார் என்று நினைத்தேன். கோபம் வந்தது. ஊர்க்கவுண்டர் என்னை முன்னால் கூப்பிட்டார். நான் படிக்கிற பையன், பொய் சொல்லமாட்டேன் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டுத்தான் கேட்டார்.

"உங்க மாமா அத்தப் பிரிச்சதப் பாத்தியாடா?"

"மாமாதான் அடிக்கடி பிரிப்பாரு" என்றேன். நிறுத்தியிருக்கலாம். "பரண்ல வச்சிப் பிரிப்பாரு" என்றும் சொன்னேன்.

கீறலுக்கும் சுண்ணாம்புக்கும் காரணம் சொல்லியாகிவிட்டது. திருட்டு எப்படியும் அவருடையதுதானே என்று மனம் சமாதானம் சொன்னது. அப்போதுதான் ஊர்க்கவுண்டர் என் தலையைத் தடவினார்.

எங்கள் ஊரில் சத்தியத்துக்கும் ஒரு முறை உண்டு. குற்றம் சுமந்தவன் அம்மன் முன்னால் எரியும் கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தால் அவன் சொல் உண்மை என்று நின்றுவிடும். அதற்குமேல் யாரும் கேட்க முடியாது. ஆனால் அவனுக்கு எதிராகச் சாட்சி சொன்னவனை, அடுத்த திருவிழாவுக்குள் அம்மன் எடுத்துக்கொள்வாள். ஊரில் ஒருவர் விடாமல் இதை நம்பினார்கள். மாமாவும் நம்பினார். நான் மட்டும் அறிவியல் படித்தவன்.

கற்பூரம் ஏற்றினார்கள். மாமா முன்னால் வந்து கையை நீட்டினார். நீட்டியபடியே இன்னொரு முறை என்னைப் பார்த்தார். சுடர் அவர் உள்ளங்கையை நக்கியது. கற்பூரம் எரிந்து தீரும்வரை கை அடித்து அணைக்காமல் அப்படியே இருந்தது. பிறகு அவர் கையை மடக்கிக்கொண்டார்.

கூட்டம் பெருமூச்சு விட்டது. அதைவிட ஒப்புதல் வேறு வேண்டாம்.

அவரை ஊருக்கு வெளியே வைத்தார்கள். நெருப்பு கொடுக்கக்கூடாது, தண்ணீர் கொடுக்கக்கூடாது, பேசக்கூடாது. எதிர்மலையிலிருந்து நிச்சயத் தாம்பூலம் திரும்பி வந்தது. வெளியே வைத்த மறுநாள் காலையில் அவர் எங்கள் வீட்டுப் படலுக்கு அப்பால் வந்து நின்றார். மடக்கிய கையில் துணி சுற்றியிருந்தது.

"அக்கா, கொஞ்சம் கூழு குடு. குடிச்சிட்டுப் போய்ட்றேன்."

அம்மா முறத்தை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள். நானும் வெளியே வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தபோது படலுக்கு அப்பால் யாரும் இல்லை. குடகில் காப்பித் தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரியோடு போனதாகப் பிறகு தெரிந்தது.

கருமணல் பொட்டலத்தைப் பள்ளிக்குக் கொண்டுபோனேன். ஆசிரியர் காந்தத்தை எடுத்துக் காட்டி, இரும்பேதான் என்று வகுப்புக்குச் சொன்னார். கலசப்பாக்கத்துப் பையன் ஒரு சிட்டிகையை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தான். நான் ஜெயித்துவிட்டேன்.

நான் நன்றாகவே படித்தேன். மலையிலிருந்து இறங்கி, பொறியியல் கல்லூரிவரை போனேன். எண்பதுகளின் நடுவில், ஒரு நாள் ஆய்வுக்கூடத்தில் எங்களுக்கு ஒரு சோதனை கொடுத்தார்கள். இரும்புக் கூட்டுக்குள் பொருத்திய, அந்தக் கால ஒலிபெருக்கிகளில் வருகிற வகைக் காந்தம். அதன் வலுவை மீட்டரில் அளக்க வேண்டும், கூட்டிலிருந்து காந்தத்தை வெளியே எடுக்க வேண்டும், திரும்ப அதே இடத்தில் வைத்து மறுபடி அளக்க வேண்டும். அவ்வளவுதான் சோதனை. எடுக்கும்போது மேல்தகடு முரண்டு பிடித்தது. வைக்கும்போது சாதுவாக உட்கார்ந்தது. என் விரல் நுனிக்கு விஷயம் முதலில் தெரிந்தது. மீட்டரைப் பார்த்தேன். முள் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. பாதிக்கும் கீழே நின்றது.

விரிவுரையாளர் காரணம் சொன்னார். இந்தக் காந்தத்தின் பலம் அதைச் சுற்றியுள்ள இரும்பு வழியாகப் போய்த் தன்னிடமே திரும்பி வரவேண்டும். இரும்பை நீக்கிவிட்டால் அதற்குப் போக வழியில்லை. தன் பலமே தனக்கு எதிராகத் திரும்பித் தன்னைத் தின்றுவிடும். அதற்கு நாள்கணக்கு வேண்டாம், தகடு விலகும் அந்தக் கணம் போதும். பிறகு இரும்பைத் திரும்ப வைத்தாலும் போனது வராது. ஆசிரியர் பெட்டிக்குள் குறுக்கே ஒட்டிவைத்த துண்டுகள் எதற்கு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மதிப்பெண் வாங்கி எத்தனையோ வருடம் ஆகியிருந்தது.

படிப்பு முடிந்து, காந்தம் செய்யும் ஒரு தொழிற்சாலையிலேயே எனக்கு வேலை கிடைத்தது. விதி என்று சொல்லித் தப்பிக்க விரும்பவில்லை. நானேதான் தேடிப் போனேன். அலுமினியம், நிக்கல், கோபால்ட், இரும்பு எல்லாவற்றையும் உருக்கி மணல் அச்சில் வார்ப்போம். மறுபடி பழுக்கக் காய்ச்சி, பெரிய மின்காந்தத்தின் நடுவில் வைத்து ஆறவிடுவோம். அப்படி ஆறும்போதுதான் அதன் உள்ளமைப்பு ஒரே திசையில் வளரும். பிறகு உலையில் நீண்ட நேரம் மிதமான சூட்டில் வைப்போம். வெளியே வருவது கண்ணாடிபோல் கடினமானது. துளை போட முடியாது, சாணைதான் பிடிக்க வேண்டும். அந்த நிலையில் அது ஒரு குண்டூசியைக்கூட ஒழுங்காக இழுக்காது. அப்படியே அதை இரும்புக் கூட்டுக்குள் பொருத்தி, தகடு மூடி, திருகாணி முடுக்குவோம். எல்லாம் முடிந்த பிறகுதான் கூட்டோடு சேர்த்து ஒரு கம்பிச்சுருளுக்குள் வைத்துப் பொத்தானை அழுத்துவோம். 'டொம்' என்று ஒரு சத்தம். காந்தம் ஆகிவிடும். சோர்ந்து திரும்பி வரும் பழைய யூனிட்டுகளுக்கும் அதே வைத்தியம்தான். உள்ளே இருப்பதை மாற்ற வேண்டாம், கழற்றக்கூட வேண்டாம். வைத்து ஒருமுறை அழுத்தினால் போதும்.

நான் கழற்றினேன் என்று அன்றைக்குச் சொல்லியிருந்தால், விவரம் தெரிந்த ஒருவரிடம் அந்த யூனிட் போய்ச் சேர்ந்திருக்கும். ஒரு 'டொம்'. அதற்குப் பிறகு எதிர்மலைக்கும் கேட்டிருக்கும். வேலைநாள் முழுவதும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

மீட்டர் முள் திரும்பாமல் நின்ற அன்று மாமா உயிரோடுதான் இருந்தார். மடிக்கேரிப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறார் என்று ஊருக்கு வந்துபோகும் ஆட்கள் சொல்லியிருந்தார்கள். அடுத்த விடுமுறையில் போகலாம் என்று நினைத்தேன். வேலை கிடைத்த பிறகு கையில் ஏதாவது எடுத்துக்கொண்டு போகலாம் என்று நினைத்தேன். பிறகு கல்யாணம். போய் நின்றால் என்ன சொல்லித் தொடங்குவது என்று தெரியவில்லை. தெரியவில்லை என்பதையே காரணமாக வைத்துக்கொண்டு வருடங்களைக் கடத்தினேன். காய்ச்சலில் போய்விட்டார் என்று சேதி வந்தபோது, அடக்கம் செய்தே பல நாள் ஆகியிருந்தது. அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வெற்றிலையையும் விட்டுவிட்டார் என்று சேதி கொண்டுவந்தவர் சொன்னார்.

அம்மாவிடம் சொன்னேன். அவள் முற்றத்தில் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். காந்தத்தைப் பற்றி நான் சொன்னது அவளுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. கழற்றியது நான், பொய் சொன்னது நான், அவர் எடுக்கவில்லை என்பது புரிந்தது. என்னைத் திட்டவில்லை. கையிலிருந்த கொட்டையை முறத்தில் போட்டாள்.

"அன்னிக்குப் பானையில கூழு இருந்துச்சுடா" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் இறக்கும்வரை என்னிடம் அதைப் பற்றிப் பேசவில்லை. நான் ஊருக்குப் போனால் சோறு போடுவாள். நான் சாப்பிடும்போது பின்பக்கம் போய்விடுவாள்.

ஊர்க்கவுண்டரின் மகனிடமும் போய்ச் சொன்னேன். அப்பாவின் இடத்தில் இப்போது அவர். அந்த இலுப்பை மரத்தடியில் நின்றுதான் சொன்னேன். அவருக்குக் கதை நினைவில்லை. எங்கள் வீட்டில் ஒருவர் எதையோ திருடிவிட்டு ஓடிப்போனதாக மட்டும் தெரிந்திருந்தது. "உடுங்க, பழைய கத. அந்த ஆளே இல்ல, இப்ப இன்னாத்துக்கு?" என்று சொல்லி எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். மாமா திருடன் என்பது ஊருக்கு மறக்கவில்லை. அவர் யார் என்பதுதான் மறந்துவிட்டது.

காந்தத்தைப் பற்றி, அன்று நானாக இருந்த அந்தப் பையனுக்குத் தெரியாமல் போனதை என்னால் மன்னிக்க முடிகிறது. போளூர்க் கடைக்காரருக்கே தெரியவில்லை. கற்பூரம்தான் மன்னிக்க விடாமல் நிற்கிறது. அந்த முறை என்னவென்று எனக்குத் தெரிந்திருந்தது, எங்கள் ஊரில் தெரியாத குழந்தை இல்லை. கை நீண்டதைப் பார்த்தேன், என்னைப் பார்த்ததைப் பார்த்தேன், மடங்கியதையும் பார்த்தேன். பொய்ச் சத்தியம் செய்யப் பயந்துவிட்டார் என்று நினைத்தேன். தன் பக்கம் உண்மை இருக்கும்போதும் ஒரு மனிதன் சத்தியம் செய்யப் பயப்படலாம் என்று அன்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் பயம் எனக்காக என்பதும் தெரியவில்லை.